மனவடுவை அறியும் கல்வி நம் மண்ணில் வேரூன்ற வேண்டும்

(கமக்காரரும் ஆசிரியர்களும் பட்டதாரிகளும் கூடியிருந்த கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



போரினால் மனித உள்ளத்துக்கு நேரும் கேட்டினை ஆராயும் உயர்கல்வி பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். நான் வைத்தியனல்லன், உளவியல் அறிஞனுமல்லன். சட்டம் பயின்றவன், மக்களிடையே பணி செய்பவன். ஆயினும் இந்தப் பொருளை வைத்தியர்களிடம் மட்டும் ஒப்படைத்துவிட்டு நாம் வாளாவிருத்தல் தகாது என்பது என் துணிபு.

போர் எத்தனை வீடுகளின் கூரையைப் பிரித்தது, எத்தனை ஏக்கர் வயலைத் தரிசாக்கியது, எத்தனை பனைகளின் தலையைக் கொய்தது என்று கணக்கெடுத்தோம். நட்டஈடு கோரிக் கச்சேரிக்கு விண்ணப்பம் எழுதினோம். உள்ளத்தில் விழுந்த அடியை எழுதுவதற்கான கட்டம் மட்டும் நான் பார்த்த எந்தப் படிவத்திலும் இல்லை. எழுதப்படாத இழப்பு இல்லாத இழப்பாகிவிடுமா?

கமக்காரர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2009க்குப் பின்னர் வன்னிக்குத் திரும்பியவர்கள் தத்தம் காணியைக் கண்டவுடன் ஏரைப் பூட்டிவிடவில்லை. மேலே பசும்புல் வளர்ந்திருந்தது. கீழே கண்ணிவெடி கிடந்தது. பயிற்சி பெற்றவர்கள் வந்து அங்குலம் அங்குலமாகத் தேடி, எடுத்து, எல்லைக் கயிறு கட்டிய பின்னரே கலப்பை இறங்கியது. மனித மனமும் அத்தகையதே. மேற்பரப்பைப் பார்த்து, “இவன் நன்றாகத்தானே இருக்கின்றான்” என்று சொல்லிவிடுவது எளிது. உள்ளே கிடப்பதை அறிவதற்கும் ஊறின்றி எடுப்பதற்கும் பயின்ற ஆட்கள் வேண்டும். அந்தப் பயிற்சியைத்தான் இன்று நாம் கேட்கின்றோம்.

கோழைகள் என்று சுடப்பட்டவர்கள்

இந்த அறிவு உலகில் எவ்வாறு பிறந்தது என்பதை முதலில் நோக்குவோம். 1914ஆம் ஆண்டு மூண்ட முதலாம் உலகப் போரில், உடலில் ஒரு கீறலுமில்லாத போர்வீரர்கள் பேச்சிழந்தார்கள், பார்வையிழந்தார்கள், கைகால் நடுங்கி விழுந்தார்கள். 1915இல் சாள்ஸ் மையர்ஸ் என்னும் பிரித்தானிய உளவியல் அறிஞர், இந்த நிலைக்கு வழங்கிய “எறிகணை அதிர்ச்சி” என்ற பெயரை மருத்துவச் சஞ்சிகையொன்றில் அச்சேற்றினார். எடின்பரோ நகருக்கு அண்மையிலிருந்த கிரெய்க்லொக்கார்ட் மருத்துவமனையில் றிவேர்ஸ் என்னும் வைத்தியர், நோயுற்ற படை அதிகாரிகளைத் தம் அனுபவத்தைப் பேச வைத்துச் சிகிச்சை செய்தார்.

அதே காலத்தில் இராணுவ நீதிமன்றங்கள் என்ன செய்தன? பிரித்தானியப் பேரரசின் படைகளில் களத்தை விட்டோடியமைக்காகவும் கோழைத்தனத்துக்காகவும் இவை போன்ற பிற குற்றங்களுக்காகவும் சுட்டுக் கொல்லப்பட்டவர்களுள் 306 பேருக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டமொன்றினாலேயே மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர்களுள் எத்தனை பேர் நோயாளிகளாக இருந்தார்கள் என்பதை இனி எவராலும் அறுதியிட்டுக் கூற முடியாது. மருத்துவம் 1915இல் பெயரிட்ட ஒரு துன்பத்தைச் சட்டம் ஏற்றுக்கொள்ளத் தொண்ணூறு ஆண்டுகள் சென்றன. சட்டத்தைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இதனை நான் வெட்கத்தோடு சொல்கின்றேன். அறியாமை நீதியாசனத்தில் அமர்ந்தால் நோயாளி குற்றவாளியாவான்.

அடுத்த பெரிய மாற்றம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. வியட்நாம் போரிலிருந்து மீண்ட வீரர்கள் 1970ஆம் ஆண்டளவில் சிறு குழுக்களாகக் கூடித் தம் அனுபவங்களைப் பேசலாயினர். றொபேட் லிப்டன், சைம் ஷாட்டன் முதலிய உளமருத்துவர்கள் அவர்களோடு அமர்ந்தனர். பல ஆண்டுகள் வாதாடிய பின்னர், 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தனது நோய்ப் பட்டியலில் ஒரு புதிய நோயைச் சேர்த்தது. நம் நாட்டு வைத்தியர்கள் அதனை “நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்” என்று தமிழில் வழங்குகின்றனர்.

அரசியல் பணியாளர்கள் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அந்த நோய் ஆய்வுகூடத்தில் மட்டும் கண்டுபிடிக்கப்பட்டதன்று. பாதிக்கப்பட்டவர்கள் ஒன்றுகூடினார்கள், கற்றவர்கள் அவர்கள் பக்கம் நின்றார்கள், இருவரும் சேர்ந்து கேட்டதனால் உலகம் ஏற்றுக்கொண்டது. ஒன்றுபட்ட மக்களும் ஒழுங்குபட்ட கல்வியும் சேர்ந்தாலன்றி மனத்தின் காயம் எந்த ஏட்டிலும் ஏறாது. பின்னர் இலண்டன் கிங்ஸ் கல்லூரியிலே “போரும் உளமருத்துவமும்” என்ற பெயரில் முதுநிலைப் படிப்பே நடத்தப்படும் அளவுக்கு இந்தத் துறை வளர்ந்தது.

போர் முடிந்து வீடு திரும்பியவனும் வீட்டிலேயே போரைக் கண்டவனும்

ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. மேலைநாட்டு நூல்கள் பெரும்பாலும் கடல் கடந்து சென்று போரிட்டு, அமைதியான சொந்த ஊருக்குத் திரும்பிய வீரனை முன்வைத்து எழுந்தவை. அவனுக்குப் போர் ஓரிடத்தில் இருந்தது. வீடு வேறோரிடத்தில் இருந்தது. நமக்கோ போர் வீட்டு முற்றத்துக்கே வந்தது. 1983 முதல் 2009 வரை அது ஓய்ந்தும் எழுந்தும் இருபத்தாறு ஆண்டுகள் நம்மோடு குடியிருந்தது. 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனையினுள்ளேயே வைத்தியரும் தாதியரும் நோயாளரும் கொல்லப்பட்டனர். 1990 ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம் மக்கள், நம்முடன் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள், தமிழ் ஆயுத இயக்கத்தினாலேயே தம் ஊர்களிலிருந்து விரட்டப்பட்டனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். 2004 டிசெம்பரில் கடலும் பொங்கியது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபொழுது இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முட்கம்பி முகாம்களுள் இருந்தனர்.

இத்தகைய நிலையை “இன்னாருக்கு இன்ன நோய்” என்று தனித்தனி ஆளாகப் பார்த்து மட்டும் அளந்துவிட முடியாது. இதனை உலகுக்கு எடுத்துக் காட்டியவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் ஆவர். போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டும் மாணவர்களுக்குக் கற்பித்துக்கொண்டும் அவர் எழுதிய ஆங்கில நூல் 1998இல் வெளிவந்தது. 2014இல் வெளிவந்த அடுத்த நூலில் தனி மனிதரின் மனத்தைத் தாண்டிச் சமுதாயம் முழுவதினதும் வடுவைப் பேசினார். “கூட்டு மனவடு” என்பது அவர் வலியுறுத்திய கருத்து. ஊர் சிதறினால் உறவு சிதறுகின்றது. உறவு சிதறினால் நம்பிக்கை சிதறுகின்றது. அயலவனை நம்பாத மனிதன் தன்னையும் நம்புவதில்லை. இழவு வீட்டில் பறை ஒலித்து, ஒப்பாரி வைத்து, எட்டுச் செலவும் அந்தியேட்டியும் செய்து துக்கத்தை இறக்கி வைத்த சமுதாயம், பிணத்தை வரம்போரத்தில் விட்டுவிட்டு ஓட நேர்ந்தால் அந்தத் துக்கம் எங்கே போகும்? இதுவே அவர் நம்முன் வைத்த கேள்வியின் சாரம்.

மேடைப் பேச்சும் ஆய்வும்

ஆய்வுக்கும் என்னைப் போன்றவர்களின் மேடைப் பேச்சுக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டினால் காட்டுகின்றேன். 2009ஆம் ஆண்டு யூலை முதல் செப்ரெம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்தில் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்டோரை விசாரித்து ஓர் ஆய்வு நடைபெற்றது. அது 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியாயிற்று. அதன்படி மனவடு நோயின் அறிகுறிகள் நூற்றுக்கு 7 பேரிடத்தும், மனச்சோர்வு நூற்றுக்கு ஏறக்குறைய 22 பேரிடத்தும், பதகளிப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 33 பேரிடத்தும் காணப்பட்டன. இடம்பெயர்ந்திருந்தோரிடம் இவை மிகுதியாக இருந்தன.

மேடையில் பேசுபவன் இவ்வளவோடு நிறுத்தி, “பார்த்தீர்களா, இடப்பெயர்வே நோய்க்குக் காரணம்” என்று முழங்குவான். கைதட்டலும் கிடைக்கும். ஆய்வாளர்களோ மேலும் ஒரு படி சென்றார்கள். இடம்பெயர்ந்தோர் ஏனையோரைக் காட்டிலும் கொடிய நிகழ்ச்சிகளை அதிகம் கண்டவர்களல்லவா? அந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக் கழித்துப் பார்த்தபொழுது, இடப்பெயர்வுக்கும் நோய்க்கும் தனியே இருந்ததாகத் தோன்றிய தொடர்பு நீங்கிவிட்டது. அதாவது, அங்கே பாரமாக இருந்தது கண்ட கொடுமையின் அளவு. இந்த நுட்பத்தைப் பயிற்சியில்லாதவன் காணமாட்டான். கட்சிக்காரன் காண விரும்பவுமாட்டான். நமக்கு வேண்டியவர்கள் நம்மைத் திருப்திப்படுத்தும் ஆய்வாளர்களல்லர். உண்மையைச் சொல்லும் ஆய்வாளர்கள். அத்தகையோரின் சொல்லே வெளி உலகில் எடுபடும்; நம் மக்களுக்கும் உண்மையான மருந்தைத் தேடித் தரும்.

அந்த எண்களே இன்னொன்றையும் சொல்கின்றன. அத்தனை கொடுமைக்குப் பின்னரும் நூற்றுக்குத் தொண்ணூற்று மூவரிடம் மனவடு நோயின் அறிகுறிகள் அந்த அளவுக்குக் காணப்படவில்லை. நம் இனம் முழுவதும் மனநோயுற்றது என்று பரிதாபம் பேசுவோருக்கு இது விடை. எவை நம்மைத் தாங்கின? குடும்பமா, கோவிலா, தொழிலா, அயலா? இதுவும் ஆராயப்பட வேண்டிய பொருளே. தாங்கியவற்றை அறிந்தாலன்றி அவற்றைப் பேண முடியாது.

புத்தளத்தில் நீண்டகாலம் இடம்பெயர்ந்து வாழ்ந்த முஸ்லிம் மக்களிடையே செய்யப்பட்டு 2013இல் வெளியான ஆய்வொன்று, நூற்றுக்கு ஏறக்குறைய 19 பேருக்கு ஏதேனுமொரு பொதுவான மனநோய் இருந்ததைக் காட்டியது. துணையை இழந்தவர்களிடமும் உணவுக்கு அல்லற்பட்டவர்களிடமும் அது கூடுதலாகக் காணப்பட்டது. ஜேர்மனியின் கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழகத்தவர் வடகிழக்குத் தமிழ்ப் பிள்ளைகளிடையே செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வு, போர் அனுபவமும் தந்தையின் மதுப் பழக்கமும் வீட்டினுள் நிகழும் வன்முறையோடு தொடர்புடையன என்று காட்டியது. துப்பாக்கி ஓய்ந்த பின்னும் போர் சாராயப் போத்தலுக்குள் புகுந்து வீட்டுக்குள் வந்து பிள்ளையின் முதுகில் அடிக்கின்றது. இதை நாம் குடும்ப விவகாரம் என்று மூடி வைக்கின்றோம்.

“யோசனை” என்றால் என்ன?

இந்தக் கல்வி ஏன் நம் மண்ணில், நம் மொழியில் நடைபெற வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்துத் தாயொருத்தி வைத்தியரிடம், “எந்நேரமும் ஒரே யோசனை ஐயா” என்கின்றாள். சென்னையிலோ கொழும்பிலோ அமர்ந்து மொழிபெயர்ப்பவர் இதனை “சிந்தனை” என்றும் “ஆலோசனை” என்றும் எழுதிவிடலாம். அவள் சொல்வதோ தீராக் கவலையை. “நெஞ்சுக்குள் அடைக்குது”, “தலையிடி”, “உடம்பு உளைவு”, “பெருமூச்சு” என்பவை வெறும் உடல் நோய்களின் பெயர்களல்ல. துயரம் உடலின் வாயால் பேசும் மொழி. ஆங்கிலத்தில் ஆக்கப்பட்ட கேள்விக்கொத்தைத் தமிழாக்கிக்கொண்டு வருபவர், அந்தக் கேள்விகளில் இல்லாத விடையைக் கேட்கவே மாட்டார்.

“மனவடு” என்ற சொல்லையே பாருங்கள். மேலைநாட்டார் வழங்கும் சொல்லுக்குக் கிரேக்கத்தில் காயம் என்பது பொருள். நம்மவர் வடு என்றனர். காயம் இரத்தம் கசிவது. வடு ஆறிய பின் நிற்பது. நம் மக்களுள் யாருக்கு வடு, யாருக்கு இன்னும் காயம்? காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலருகே அமர்ந்து போராட்டத்தைத் தொடங்கினார்களே, அவர்கள் மடியில் வைத்திருந்த நிழற்படங்களை வடு என்று எவன் சொல்வான்?

அமெரிக்க அறிஞர் போலின் பொஸ் இத்தகைய நிலையைத் தெளிவற்ற இழப்பு என்றார். இறந்தான் என்று அழவும் முடியாது. இருக்கின்றான் என்று மகிழவும் முடியாது. இங்கே சட்டமும் மனமும் ஒன்றையொன்று முட்டுகின்றன. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், காணாமற் போனவருக்கு மரணச் சான்றிதழ் பெற வழி செய்தது. காணியை மாற்றவும் வங்கிப் பணத்தைப் பெறவும் அது உதவும் என்றனர். ஆனால் அந்தக் கடதாசியில் ஒப்பமிடுவது மகனைத் தன் கையாலேயே கொன்றதாகும் என்று எத்தனையோ தாய்மார் மறுத்துவிட்டனர். 2016ஆம் ஆண்டுத் திருத்தம், மரணத்தைக் கூறாமல் காணப்படாமையை மட்டும் கூறும் சான்றிதழுக்கு இடமளித்தது. அவ்வாண்டிலேயே காணாமற் போனோர் அலுவலகத்துக்கான சட்டமும் நிறைவேறியது. ஒரு சொல்லை மாற்றச் சட்டத்துக்கு ஆறு ஆண்டுகள் சென்றன. சட்டம் வரைபவர் பக்கத்தில் தாயின் மனத்தைக் கற்ற ஒருவர் அமர்ந்திருந்தால் இத்தனை காலம் வேண்டியதில்லை.

நீதிமன்றத்துக்கும் இந்த அறிவு வேண்டும்

நம் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்துக்கு முறையிட வேண்டும் என்கின்றது. ஒரு மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் சிறிது நிவாரணம் தருகின்றது. ஆயினும் சித்திரவதைக்கு ஆளானவர் முதல் மாதத்தில் வாய் திறப்பாரா? பேசினாலும் திகதி பிசகும், முன்னது பின்னதாகும், ஒரு நாள் சொன்னதை மறுநாள் சொல்லமாட்டார். குறுக்கு விசாரணை செய்யும் சட்டத்தரணி, “நீர் பொய் சொல்கின்றீர்” என்று எழுந்து நிற்பார்.

ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்டு 2022இல் திருத்திய “இஸ்தான்புல் நெறிமுறை”, இத்தகைய பிசகு பொய்யின் சான்றாகவே இருக்க வேண்டியதில்லை என்றும், அது சித்திரவதையின் விளைவாகவும் இருக்கக்கூடும் என்றும் வைத்தியருக்கும் சட்டத்தரணிக்கும் அறிவுறுத்துகின்றது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தினால் சித்திரவதை நம் நாட்டில் தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. குற்றத்தைச் சட்டத்தில் எழுதினால் போதாது. அதை மனத்தில் கண்டு நீதிமன்றத்தில் எடுத்துரைக்கக் கற்ற சாட்சிகளும் வேண்டும்.

நாம் கேட்பதும் நாம் கொடுக்க வேண்டியதும்

“புண்ணைக் கிளறாமல் விட்டால் தானே ஆறிவிடும்” என்று பெரியவர்கள் சிலர் கூறுவர். அக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆபத்து நேர்ந்தவுடன் எல்லோரையும் பிடித்து இருத்தி ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் சொல்ல வைக்கும் முறையினால் நன்மை இல்லை என்றும், சிலருக்குத் தீங்கு நேரலாம் என்றும் ஆய்வுகளை ஒப்பிட்டுப் பார்த்த அறிஞர்கள் கண்டனர். ஆகவேதான் முறையான கல்வி வேண்டும் என்கின்றேன். எப்பொழுது கேட்க வேண்டும், எப்பொழுது மௌனமாக அருகிருக்க வேண்டும் என்பது இரண்டு நாட் பயிற்சியில் வருவதன்று.

“படித்தவர்கள் வெளிநாடு போய்விடுவார்கள்” என்பது இன்னொரு மறுப்பு. அவர்கள் போவதற்குக் காரணம் இங்கே பதவியும் இல்லை, பாதுகாப்பும் இல்லை என்பதன்றோ? காரணத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகளைக் குறை கூறிப் பயனில்லை.

எனவே என் வேண்டுகோள்கள் இவை. முதலாவதாக, வடக்கிலும் கிழக்கிலுமுள்ள நம் பல்கலைக்கழகங்களில் இந்தத் துறையின் முதுநிலைக் கல்வி நன்கு வலுப்பெற வேண்டும். அதன் வாயில் வைத்தியர்களுக்கு மட்டுமன்றி ஆசிரியர், சமூக சேவை உத்தியோகத்தர், சட்டத்தரணி ஆகியோருக்கும் திறந்திருக்க வேண்டும். இரண்டாவதாக, கற்று முடித்தவர்களுக்கு மாவட்ட மருத்துவமனையிலும் பாடசாலைகளிலும் நிலையான பதவிகளை அரசாங்கம் ஏற்படுத்த வேண்டும். மூன்றாவதாக, ஒரு மனிதன் ஆய்வாளரிடம் கூறியது எந்தப் பொலிசாரின் கைக்கும் எந்தப் படையினரின் கைக்கும் போகாது என்ற காப்பு வேண்டும். அந்தக் காப்பு இல்லாத இடத்தில் உண்மையும் இராது. நான்காவதாக, நம் ஊரில் எடுத்த சாட்சியம் ஆங்கிலச் சஞ்சிகையோடு நின்றுவிடாமல், தமிழில் எழுதப்பட்டு அந்த ஊர் மக்களிடமே திரும்ப வேண்டும். விளைச்சலை எடுத்துச் செல்பவன் விதைநெல்லையாவது விட்டுச் செல்ல வேண்டாமா?

ஐந்தாவது வேண்டுகோள் நமக்கே உரியது. இந்த அறிவுக்கு இன வேலி இடாதீர்கள். களத்தில் மகனை இழந்த சிங்களக் கிராமத்துத் தாயும், ஒரு பையோடு ஊரைவிட்டு விரட்டப்பட்ட முஸ்லிம் முதியவரும் இந்த நூலின் பக்கங்களே. நம் துன்பத்தை மட்டும் அளக்கும் கோல் நேரான கோலாகாது. அதை உலகமும் நம்பாது.

இன்னும் ஒன்று. மனநோய் என்றால் மணம் பேச வருபவர்கள் திரும்பிவிடுவார்கள் என்று மகளின் நோயை மறைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதனை ஒழிக்கப் பாராளுமன்றத்தில் மசோதா கொண்டுவரத் தேவையில்லை. கமக்காரர் சங்கக் கூட்டத்திலும், கோவில் மண்டபத்திலும், பாடசாலைப் பெற்றார் கூட்டத்திலும் நாமே பேசித் தொடங்கலாம். பிள்ளை உளவியலோ உளச் சமூகப் பணியோ படிக்க விரும்பினால், “வைத்தியம் கிடைக்கவில்லையா, பொறியியல் கிடைக்கவில்லையா” என்று அதன் ஊக்கத்தைக் கெடுக்காதீர்கள்.

சிகிச்சை நீதிக்கு ஈடாகாது. மகன் எங்கே என்று கேட்கும் தாய்க்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவது மருத்துவமுமன்று, அரசும் அன்று. அதேபோல நீதி கிடைக்கும் வரை அவள் நித்திரையின்றிக் கிடக்கட்டும் என்று சொல்லவும் எவருக்கும் உரிமையில்லை. நீதிக்காகப் போராடுவோரும் நோயைத் தீர்ப்போரும் ஒரே திண்ணையில் அமர வேண்டும். அந்தத் திண்ணையைக் கட்டும் வேலையை இந்த ஊரிலேயே தொடங்குங்கள்.